எழுந்து நின்று சொல்லாத பதில்

கல்லிடைக்குறிச்சி
18-5-1996

தம்பி அசன் மைதீனுக்கு,

ஈசன் அருளால் தாங்களும் முகாமில் உள்ளோரும் நலமே இருக்க வேண்டும்.

நேற்று சொல்லிக்கொள்ளாமல் ஆழ்வார்திருநகரியிலிருந்து புறப்பட்டு வந்துவிட்டேன். எழுபத்திரண்டு வயதில் உடல் தளர்வது இயல்பு. மனம் அதற்கு முன்பே தளர்ந்துவிட்டது.

நாளை ஊராட்சிகளில் தலைமை ஏற்கப்போகும் பிள்ளைகள் கேள்விக்கு அஞ்சலாகாது என்றுதான் நம் கோடைப் பயிற்சி முகாமில் வெள்ளிதோறும் கேள்வி மேடை வைத்தோம். ஆசிரியரானாலும் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். இயலாதபோது ஏழு நாளில் எழுத்தில் தர வேண்டும். பாதிப்பேருக்குமேல் ஏற்க மறுத்தால், அவ்வாண்டு பாடம் நடத்தக் கூடாது. விதியை எழுதியவன் நான்.

மாஞ்சோலை தேயிலைத் தோட்டத்துப் பெண் சாலோமி கேட்டாள்: "ஐயா, சமத்துவப் பாடம் நீங்கதான் எடுக்கிய. பன்னெண்டு வருசத்துல மைதீன் ஐயா பக்கத்துலயாவது உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்கியளா?"

பின்வரிசையில் ஒருவன், "ஏலே, ஐயருக்கு வயித்து வலி லே" என்றான். சிரித்தார்கள்.

அதில் எனக்கு வருத்தமில்லை. என் நியமங்களை நன்கறிந்த தாங்கள் தலைகுனிந்து இருந்தீர்கள். ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

இப்படிக்கு,
கோபாலசுப்பிரமணியன்

* * *

முகாம், ஆழ்வார்திருநகரி
20-5-1996

அண்ணாச்சி அவர்களுக்கு சலாம்.

என்ன சொல்லியிருப்பேன்? நியமம் என்று சொன்னால், அடுத்த கேள்வி எனக்கு வரும்: நீர் எப்படிப் பொறுத்தீர் என்று.

முதல் வருடம் கிணற்றடி அறையைச் சுண்ணாம்படித்து, தங்களுக்குத் தனி அடுப்பு வைத்துத் தந்தவன் நான். விருந்தோம்பல் என்று நினைத்தேன். முகாமில் மீனும் இறைச்சியும் வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். என்றைக்காவது தாங்கள் பந்திக்கு வருவீர்கள் என்று, மீன் தின்று வளர்ந்த பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு கோடையும் சாம்பார் ஊற்றினேன். ஒவ்வொரு வருடமும் முகாம் முடிந்து வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரி மைதீன் பாத்திமா கேட்பாள்: "இந்த வருசமாவது ஐயரு பந்தியில உக்காந்தாவளா?" அடுத்த வருசம் என்பேன்.

உள்ளாட்சித் தேர்தல் வரும் என்கிறார்கள். மூன்றில் ஓர் இடம் பெண்களுக்கு. ஊராட்சிச் சட்டத்தைத் தங்களைப்போல் இங்கே நடத்துவார் இல்லை. வெள்ளிக்கு முன் பதில் அனுப்புங்கள்.

அசன் மைதீன்

* * *

கல்லிடைக்குறிச்சி
22-5-1996

தம்பிக்கு,

பதில் கீழே உள்ளது. தாங்களே வாசியுங்கள்.

"பிள்ளைகளே, நான் உங்களோடு உண்டதில்லை. மூன்று நாளாய்ச் சாத்திரங்களையும் பாடல்களையும் புரட்டினேன். விலகி இரு என்னும் வரிகளும் கிடைத்தன. எல்லா உயிரிலும் இறைவனைக் காண் என்னும் வரிகளும் கிடைத்தன. முன்னதை நான் கைக்கொண்டேன். பின்னதை உங்களுக்குப் போதித்தேன். இது பிழை. உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

இதற்குமேல் எழுதத் தெம்பில்லை.

கோபாலசுப்பிரமணியன்

* * *

முகாம், ஆழ்வார்திருநகரி
25-5-1996

அண்ணாச்சி அவர்களுக்கு சலாம்.

நேற்று வாசித்தேன். பிறகு குற்றாலலிங்கம் என்ற பையன், "பதிலு ஜோரா இருக்கு. சோறு எங்க வே?" என்றான். சாலோமி அவனை அதட்டினாள்: "சும்மா கெட லே. பெரிய மனுசன் தப்புன்னு எழுதிக் குடுத்திருக்காவ. எங்க எஸ்டேட்ல ஒரு மேஸ்திரி எழுதுவானா?"

ஏற்றுக்கொண்டு கை தூக்கியவர் பதினான்கு. அதில் சாலோமி உண்டு. மறுத்தவர் பதினேழு. அதில் ஒரு கை என்னுடையது. அது இல்லாவிட்டாலும் முடிவு மாறாது. ஆனாலும் தாங்கள் அதைப் பிறர் சொல்லி அறியக் கூடாது.

பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் முதல் நாள் என் பக்கத்தில் ஓர் இலை போட்டு வைத்துக் காத்திருந்தவன் நான். தங்கள் மன்னிப்பில் என் பெயர் இல்லை.

அசன் மைதீன்

* * *

கல்லிடைக்குறிச்சி
28-5-1996

தம்பி அசன் மைதீனுக்கு,

தீர்ப்பு சரி. எஞ்சிய நாட்களுக்குச் சட்டக் குறிப்புகளைத் தனியே அனுப்புகிறேன். சாலோமி படித்துச் சொல்லட்டும். அவளுக்குக் குரலும் இருக்கிறது, துணிவும் இருக்கிறது.

தங்களிடம் மன்னிப்பை இக்கடிதத்தில் கேட்கப்போவதில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் அழகாக அமைந்துவிடுகிறது. ஐம்பது ஆண்டுகளாகச் சொற்களோடு வாழ்ந்ததில் எனக்கு எஞ்சியது அந்தத் திறமை ஒன்றுதான்.

முகாம் முடிந்து தாங்கள் வீடு திரும்பியதும், ஜூன் இரண்டு, ஞாயிறு பகலில் மேலப்பாளையம் வருகிறேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம், சோறும் ரசமும் போதும் என்று மைதீன் பாத்திமாவிடம் சொல்லுங்கள். தங்கள் பக்கத்தில் உட்காருவேன். தொண்டையில் இறங்குமா என்று இன்று என்னால் சொல்ல முடியவில்லை. பாதியில் நான் எழுந்துவிட்டால், தாங்கள் சாப்பிட்டு முடியுங்கள். எனக்காக இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம்.

கோபாலசுப்பிரமணியன்