நான் சாமியாக்கிய கல்

தேங்காய் நாரோடு இன்று காலை கம்பெனி கேட்டில் போய் நின்றேன். பழைய எண்ணெயும் மஞ்சளும் கலந்த அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. நம் வயலோரத்துக் கல். குரோட்டன்ஸ் செடிகளுக்கு நடுவில் நட்டு, மாலை போட்டு வைத்திருக்கிறார்கள்.

கல்யாணமான புதிதில் நீ என் விரலைப் பிடித்து அந்தக் கல்லின் மேல் வைத்தாய். மேலே பழைய எழுத்து, கீழே வரிசையாகக் குழிகள்.

"வடக்க போற பெருவழிமே இது. எத்தினி காதம்னு எழுத்துல போட்டுக்குது. படிக்கத் தெரியாதவங்க குழிய எண்ணிக்குவாங்க."

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். "அப்ப எனக்குன்னே வெட்டினதுதான்" என்றேன். சிரித்தாய்.

அப்புறம் உனக்கு அந்தக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கைவிரித்தார்கள். வேறு எங்கே போவேன்? அந்தக் கல்லிடம் வேண்டிக்கொண்டேன். நீ எழுந்து உட்கார்ந்தாய். அன்றிலிருந்து வெள்ளிதோறும் எண்ணெய், மஞ்சள். என்னைப் பார்த்து ஊரே பூசியது.

"எழுத்தெல்லாம் மூடிக்கினு போவுதுமே" என்று ஒரே ஒருமுறை சொன்னாய்.

"உன் உயிர குடுத்த சாமிய்யா அது!" என்று கத்தினேன். நீ வாயை மூடிக்கொண்டாய். ஏன் மூடினாய்? நான் இல்லாத நேரம் பார்த்து நீயே கழுவியிருக்கக் கூடாதா?

நீ செத்து எட்டு மாதம். சாலையை அகலமாக்க அளக்க வந்தவர் கண்ணில் எழுத்தும் படவில்லை, குழியும் படவில்லை. 'அம்மன் கல்' என்று எழுதிக்கொண்டு போனார். எழுத்துக் கல் என்றால் தொடக் கூடாதாம். சாமி என்றால் இடம் மாற்றலாமாம். ராசியான சாமி என்று கம்பெனிக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனேன்.

"நல்ல எடமாத்தானேம்மா குட்த்துக்கிறாங்க. தெனம் பூஜ வேற" என்றார் மேஜைக்காரர்.

"அது சாமி இல்ல சார், வழிக்கல்லு. ரெண்டு மைல் தள்ளி நட்டா அது சொல்ற தூரம் பொய்யாப் பூடும்."

"யாரு சொன்னது?"

"எங்க ஊட்டுக்காரரு."

"அவர வரச் சொல்லு."

உன் மேல் அப்போது வந்த கோபம் அந்த ஆள் மேல்கூட வரவில்லை.

இன்று தேய்க்க ஆரம்பித்ததும் வாட்ச்மேன் ஓடிவந்தார். "யக்கா, சாமிய சொரண்டாத, கண்ணு பூடும்!"

"போனா என் கண்ணுதான? நீ ஏன் பேஜாராவுற?"

ஒரு எழுத்து வெளியே வந்தது. என்ன எழுத்தென்று எனக்குத் தெரியவில்லை. சாமி இல்லை என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். அப்படியென்றால் அந்தக் காய்ச்சலிலிருந்து உன்னை எனக்குத் திருப்பிக் கொடுத்தது யார்? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டேதான் தேய்த்தேன். அடுத்த எழுத்து தெரியும்வரை நிறுத்தவில்லை.