ஊசி போட்ட உடம்பு

அறந்தாங்கி
3.9.2024

அன்புள்ள அமராவதிக்கு,

நீயும் அருணாவும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்குச் சளி விட்டதா? அழகுமலை அண்ணன் மகன் மஸ்கட்டுக்குக் கிளம்புகிறான். கட்டுமாவடியில் வாங்கிய நெத்திலிக் கருவாடு கொடுத்துவிட்டிருக்கிறேன். அந்தப் பொட்டலத்தோடு இந்தக் கடிதமும் வரும். இதைப் போனில் சொல்ல முடியாது. நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்தில் மாப்பிள்ளை இருக்கிறார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் புற்றுநோய். ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறதாம், அதில் வந்திருக்கிறது. பங்குனியில் மூத்திரம் சரியாகப் போகவில்லை என்று புதுக்கோட்டைக்குப் போனேன், அங்கிருந்து தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். சதையெடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். சித்திரையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. உடம்பில் ஆண் சுரப்பு ஊறினால்தான் இந்த நோய் வளருமாம். அதை ஊறவிடாமல் நிறுத்துகிற ஊசி. "தவறாம போட்டுக்கிட்டா பல வருசம் நல்லா இருக்கலாம்" என்றார் டாக்டர்.

நீ பதறி ஓடிவர வேண்டாம். அருணா இப்போதுதான் மறுபடி நர்ஸ் வேலைக்குப் போகிறாள், பிள்ளையை யார் பார்ப்பது? விசாவை நீட்டித்துக்கொண்டு அடுத்த வருடமும் அங்கேயே இரு. டயர் கடையைப் பார்த்துக்கொள்ள என்னோடு பிச்சை இருக்கிறான். அருணாவிடம் சொல்லாதே.

இப்படிக்கு
நாகராசு


மஸ்கட்
19.9.2024

என்னங்க,

வழக்கமாக எழுதுகிற மாதிரி தொடங்க வரவில்லை. கடிதத்தைப் படித்ததும் குளியலறையில் போய்த் தாழ்போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டேன். அழுகை வரவில்லை. தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அருணா கதவைத் தட்டி, "என்னம்மா, கருவாடு ஒத்துக்கலையா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சித்திரையிலிருந்தா? தினமும் பேசினோமே. என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டால் ரசம் என்பீர்கள். ரசம் என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு இதைச் சொல்லத் தெரியவில்லையா? தனியாகவா பஸ் ஏறித் தஞ்சாவூருக்குப் போனீர்கள்? அந்த முடிவைக் கேட்டபோது பக்கத்தில் யார் இருந்தது?

இன்னொன்று. வியாதியைச் சொல்லிவிட்டீர்கள், சரி. எந்தப் புருஷனும் வியாதி வந்தால் பெண்டாட்டியை வா என்றுதான் கூப்பிடுவான். நீங்கள் வராதே என்கிறீர்கள். போன மாதம் வீடியோவில் வந்தபோது அந்தப் புழுக்கத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டிருந்தீர்கள். பேரன் சிரித்ததும் அழுதீர்கள். அருணா கல்யாணத்தில்கூடக் கண் கலங்காத மனுசன். அதற்குப் பிறகு வீடியோவே வேண்டாம் என்கிறீர்கள். இன்னும் என்ன இருக்கிறது? மறைக்காமல் எழுதுங்கள்.

அமராவதி


அறந்தாங்கி
10.10.2024

அன்புள்ள அமராவதிக்கு,

கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

நோய் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஊசிதான் செய்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பேன், காலிலிருந்து காதுவரை நெருப்புப் பிடித்த மாதிரி சூடு ஏறும், சட்டை நனைந்துவிடும். காரணமில்லாமல் அழுகை வருகிறது. டீக்கடையில் யாரோ யாரையோ திட்டினான், எனக்குக் கண்ணீர். தொப்பை விழுந்துவிட்டது, முகம் உப்பிவிட்டது. மீசை மெலிந்து போனதால் எடுத்துவிட்டேன்.

நெஞ்சு வளர்ந்திருக்கிறது, அமராவதி. பெண்களுக்கு வளர்வதுபோல. அதற்குத்தான் போர்வை.

போன வாரம் ஒரு லாரி டயரைத் தூக்கி நிறுத்தப் பார்த்தேன். முழங்கால்வரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. பிச்சை ஒரு வார்த்தை பேசாமல் வந்து தூக்கி வைத்துவிட்டு அங்கிட்டுப் போய்விட்டான். கேலி பண்ணியிருந்தால் பரவாயில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். உன்னை நினைத்தால் மனசுக்குள் எல்லாம் இருக்கிறது, உடம்பு வருவதில்லை. இனி வராது என்றுதான் நினைக்கிறேன். இந்த ஆளை வந்து பார்த்து நீ என்ன செய்யப் போகிறாய்?

ஆஸ்பத்திரியில் பிரகதீஸ்வரி என்று ஒரு பிசியோதெரபிப் பெண் இருக்கிறது. ஊசியால் சதை கரையும், எலும்பு மெலியும், அதற்கு எக்ஸர்சைஸ்தான் மருந்து என்று சொல்லி வரச் சொன்னது. போனேன். பனியனோடு நின்று கையைத் தலைக்குமேல் தூக்கச் சொன்னதும் சட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நாகராசு


மஸ்கட்
28.10.2024

அன்புள்ள உங்களுக்கு,

கிழிக்கவில்லை. கிழிக்கவும் மாட்டேன்.

படித்த அன்று குழந்தைக்குக் காய்ச்சிய பாலைக் கீழே ஊற்றிவிட்டுத் தண்ணீரைப் புட்டியில் அடைத்திருக்கிறேன். அருணா பார்த்து வாங்கிக்கொண்டாள். இத்தனையும் ஒரு ஊசியா? உயிரைக் காப்பாற்றுகிற மருந்து இப்படியும் செய்யுமா? என்னால் நம்பவே முடியவில்லை.

அந்தச் சூடு எனக்குத் தெரியும். தீட்டு நின்ற வருடம் எனக்கும் அப்படித்தான் ஏறியது. நான் காற்றாடியை வேகமாக வைப்பேன், குளிர்கிறது என்று நீங்கள் எழுந்து குறைப்பீர்கள். இப்போது தெரிகிறதா? நெஞ்சைப் பற்றி என்னிடமா வெட்கப்படுகிறீர்கள்? நான் வயதுக்கு வந்த நாளிலிருந்து சுமக்கிறேன்.

சிரிக்க வைக்கத்தான் எழுதினேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்று மட்டும் எனக்காகச் செய்யுங்கள். அந்தப் பெண்ணிடம் திரும்பப் போங்கள். சட்டை போட்டுக்கொண்டே செய்கிறேன் என்று சொல்லுங்கள். போனேன் என்று போனில் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்குப் புரிந்துவிடும்.

அமராவதி


அறந்தாங்கி
2.2.2025

என் அமராவதிக்கு,

நல்ல சேதி எழுதத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன். போனேன் என்று போனில் சொன்னேன், என்ன நடந்தது என்று சொல்லவில்லை.

சட்டையோடு செய்யலாமா என்று கேட்டதற்குப் பிரகதீஸ்வரி, "கோட்டுப் போட்டுக்கிட்டு வேணாலும் செய்யுங்கப்பா, செஞ்சா போதும்" என்றது. முதலில் நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். இது ஒரு வேலையா என்று நினைத்தேன். நாலைந்து தடவையில் தொடை நடுங்கியது. அப்புறம் ஒரு ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுக்கச் சொன்னது. ரப்பருக்கா நமக்குப் பஞ்சம்? பழைய ட்யூபை நீளமாக வெட்டிக் கடைத் தூணில் கட்டிவிட்டேன். கொஞ்சங் கொஞ்சமாகக் கனம் கூட்டினோம். காலையில் வேகமாக நடக்கிறேன். பிச்சையும் கூட வருகிறான், மூச்சு வாங்குவது அவனுக்குத்தான்.

சூடு இன்னும் வருகிறது, ஆனால் சாய்ந்து கிடக்கிற அசதி போய்விட்டது. தூக்கம் வருகிறது. தொப்பை இறங்கியது. போன வெள்ளிக்கிழமை லாரி டயரை நானே தூக்கி நிறுத்தினேன். பிச்சை கை தட்டினான், ரோட்டில் போனவர்கள் பைத்தியக்காரர்கள் என்று பார்த்தார்கள்.

அதனால் ஒரு முடிவு எடுத்தேன். தை மாதத்து ஊசிக்கு நான் போகவில்லை. அதற்குமுன் போட்டதன் வேகம் இந்நேரம் குறைந்திருக்கும். உடம்புதான் திரும்பிவிட்டதே, இனி எதற்கு அந்த விஷம்? நெஞ்சும் வடிந்துவிடும், மற்றதும் திரும்பும் என்று தோன்றுகிறது. டாக்டரிடம் சொல்லவில்லை.

விசாவை நீட்டிக்கச் சொன்னதை மறந்துவிடு. சித்திரையில் வா. நீ வரும்போது பழைய ஆளாக நிற்பேன்.

உன்
நாகராசு


மஸ்கட்
11.2.2025

என்ன காரியம் செய்துவிட்டீர்கள்!

படித்ததும் கத்திவிட்டேன். அருணா ஓடிவந்து கையிலிருந்த கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். இனி அவளுக்கு எதையும் மறைக்க முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, எக்ஸர்சைஸ் அப்பா உடம்பத் தேத்தும். கட்டிய அமுக்கி வச்சிருக்கிறது ஊசிதான். அத எடுத்துட்டா அது எந்திரிச்சிடும்மா" என்றாள். இத்தனை வருடம் நர்ஸாக இருக்கிறவள், அப்பா என்றதும் நா குழறுகிறது.

எத்தனை தடவை போன் அடித்தோம்! நீங்கள் எடுக்கவே இல்லை. பிச்சைக்குப் போட்டால், "அண்ணன் கடையிலதான் இருக்காரு அண்ணி, போன நீட்டுனா அங்கிட்டுத் திரும்பிக்கிறாரு" என்கிறார். அதனால் திருச்சி விமானத்தில் வருகிறவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பிச்சை உங்கள் முன்னால் உட்கார்ந்து படித்துக் காட்டவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவமானமாக இருந்தால் இருக்கட்டும்.

நான் சித்திரையில் வரப் போகிறேன் என்றா ஊசியை விட்டீர்கள்? பழைய ஆளாக நின்று எனக்கு என்ன காட்டவேண்டும்? நான் எப்போதாவது கேட்டேனா? உயிரைப் பணயம் வைத்தா எனக்கு இதைச் செய்கிறீர்கள்?

இன்றே தஞ்சாவூருக்குப் போங்கள்.

அமராவதி


அறந்தாங்கி
3.3.2025

அமராவதிக்கு,

பிச்சை படித்துக் காட்டினான். பாதியில் கடிதத்தை என் பக்கம் நீட்டிவிட்டான். மீதியை நானே வாங்கிப் படித்தேன். மறுநாளே இருவரும் தஞ்சாவூர் போனோம்.

இரத்தப் பரிசோதனையில் இந்த நோயின் அளவைக் காட்டுகிற எண் ஏறியிருக்கிறது. ஸ்கேன் எடுத்தார்கள். வலது இடுப்பெலும்பில் முன்பு இல்லாத ஒரு புள்ளி. டாக்டர் பழைய படத்தையும் இதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஊசியை விடாமலிருந்தால் இது வந்திருக்காதா என்று கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா விட்டிருக்கக் கூடாது" என்றார். டயரைத் தூக்கினேனே, ஒரு வலிகூட இல்லையே, எப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்டேனாம். பிச்சைதான் சொன்னான், எனக்கு நினைவில்லை.

அன்றே ஊசி போட்டார்கள். கூட ஒரு மாத்திரையும் சேர்த்திருக்கிறார்கள்.

பிரகதீஸ்வரி கேள்விப்பட்டு வந்தது. திட்டும் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊசி செய்யுற கெடுதலுக்குத்தான்ப்பா நான் பயிற்சி குடுத்தேன். ஊசிக்குப் பதிலா இல்ல. நான் இன்னும் வெளக்கமாச் சொல்லியிருக்கணும்" என்றது. அதன் மேல் என்ன குற்றம் இருக்கிறது? இடுப்புக்குப் பாரம் வராத மாதிரி புதிதாகச் சொல்லிக்கொடுத்தது. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். செய்யவில்லை. ட்யூபை அவிழ்த்துவிட்டேன்.

டிக்கெட் போட்டுவிட்டதாக அருணா சொன்னாள். திருச்சிக்கு நான் வருகிறேன். ஆனால் நீ வருவது எனக்குச் சந்தோசமா பயமா என்று தெரியவில்லை.

நாகராசு


நம் வீடு
29.3.2025

என்னங்க,

வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு தெருதான் இருக்கிறது. அதற்குக் கடிதம் எழுதவேண்டியதாகிவிட்டது. சாப்பாட்டுத் தூக்கோடு பிச்சை கொண்டுவருவார்.

திருச்சியிலிருந்து அழைத்து வந்தீர்கள், பெட்டியை உள்ளே வைத்தீர்கள், "கடையில சாமான் கெடக்கு, நான் அங்கயே படுத்துக்கிறேன்" என்று போய்விட்டீர்கள். அதிலிருந்து அங்கேயே இருக்கிறீர்கள். காரணம் எனக்குத் தெரியும்.

விமான நிலையத்தில் நான் உங்களைத் தாண்டிப் போனேன். நேருக்கு நேர் பார்த்தேன், தெரியவில்லை. யாரோ ஒருவர் என்று நினைத்து, உங்களைத் தேடி அங்கிட்டும் இங்கிட்டும் கண்ணை ஓட்டினேன். "அமராவதி" என்ற குரல் கேட்டுத்தான் திரும்பினேன். என் முகம் எப்படி இருந்தது என்று நீங்கள் பார்த்துவிட்டீர்கள். பொய் சொல்லமாட்டேன், நெஞ்சு நின்றுவிட்ட மாதிரிதான் இருந்தது. கடிதத்தில் எல்லாம் எழுதியிருந்தீர்கள். படித்தது வேறு, பார்த்தது வேறு. காரில் வரும்போது வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் வந்தேன். அது உங்களை என்ன செய்திருக்கும் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இப்போது கேளுங்கள். அடையாளம் தெரியாமல் போனது ஒரு நிமிடம். அதற்குப் பிறகு காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜன்னல் கண்ணாடியை என் மேல் புழுதி அடிக்காமல் ஏற்றிவிட்டார், அன்னவாசல் பிரிவில் வண்டியை நிறுத்தி எனக்குச் சர்க்கரை இல்லாமல் டீ வாங்கி வந்தார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு வேறொன்றும் வேண்டாம். மற்றது திரும்பினால் திரும்பட்டும், திரும்பாவிட்டால் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? எனக்கு நீங்கள் இருக்கவேண்டும். வெகு நாள் இருக்கவேண்டும்.

பிரகதீஸ்வரியோடு பேசினேன். திங்கட்கிழமை இருவரையும் வரச் சொல்லியிருக்கிறது. என் முழங்காலும் சரியில்லை, எனக்கும் சொல்லித்தரும். நாற்காலியிலிருந்து யார் முதலில் எழுந்திருக்கிறோம் என்று பார்ப்போம். நீங்கள் மாட்டேன் என்றால் நான் மட்டும் பஸ் ஏறிப் போவேன், நீங்கள் போன மாதிரி.

தூக்கில் சாப்பாடு இல்லை, கனத்துக்கு ஊற்றிய தண்ணீர்தான் இருக்கிறது. சோறு வீட்டில் வடித்து வைத்திருக்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம். கடையைப் பூட்டிவிட்டு வாங்க.

அமராவதி