நடுவில் நான்கு விநாடி

நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்; போன் அடித்தால்தான் எடுப்பதில்லையே. அத்தானைக் கேட்டால், "அவ பிஸி மாப்ளே" என்று வெட்டிவிடுகிறார். அதனால் கற்கால மனிதன்போல் கடிதம்.

இதோடு ஒரு சிடி. மேய்ப்பர்கள் தொழுவத்துக்கு நடந்துபோகும் அந்தப் பழைய பாட்டு. எலக்ட்ரிக் கிட்டாரில், கரகரப்பை முழுதாக ஏற்றி வாசித்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் உன் பாடகர் குழு பாட, நான் இதை வாசிக்க வேண்டும். பதினொரு வருடமாகக் குழுவை நடத்துகிறவள் நீ. நீ சொன்னால் போதகர் மறுக்க மாட்டார். லிஃப்ட் பழுதுபார்க்கிறவனுக்கு டிசம்பரில் லீவு கிடைப்பது லேசில்லை. சீக்கிரம் சொல்.

தம்பி

நவம்பர் 25

என் நெட்டைக் கொக்கே,

பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் தரையில் உட்கார்ந்து கேட்டேன். நீ போட்ட முதல் போடிலேயே மேய்ப்பர்கள் ஆடுகளை விட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். கொஞ்சம் அடக்கி வாசி. முன்வரிசையில் வயதானவர்கள் இருப்பார்கள். ஆனால் நடுவில், தொழுவத்து வாசலில், எல்லாவற்றையும் நிறுத்துகிறாயே, நான்கு விநாடி? ஒரு பொட்டுச் சத்தம் இல்லாமல்? அங்கே அழுதுவிட்டேன்டா. அதில் மட்டும் கை வைக்காதே.

போதகரிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ லீவு போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

நவம்பர் 29

அக்கா,

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அந்த நான்கு விநாடியில் நிசப்தம் இல்லை. கேபிள் பழுதால் பாட்டு முழுக்க ஒரு கீச்சொலி பதிவாகிவிட்டது. தவறிப்போய் அந்தப் பிரதியை உனக்கு அனுப்பிவிட்டேன். கிட்டார் நிற்கிற இடத்தில் அது மட்டும் தனியாக ஊசிபோல் குத்துகிறது. என்னோடு வேலை செய்கிறவர் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்து, "டேய், காதுக்குள்ள கம்பிய விட்டு ஆட்டுறியா?" என்றார்.

நீ அங்கே அழுதிருக்கிறாய்.

இரண்டு நாள் யோசித்தேன். போன் எடுக்காதது. நான் போன முறை வந்தபோது அத்தான் நான்கு தரம் கூப்பிட்டும் நீ திரும்பாதது. உங்களுக்குள் சண்டை என்று நினைத்தேன். சண்டை இல்லை. உனக்குக் காது கேட்கவில்லை. உன் குழுவில் பாதிப்பேர் சின்னப் பிள்ளைகள். அவர்கள் சுருதி விலகினால் உனக்கு எப்படித் தெரியும்?

போதகரிடம் சொல்லிவிடு. டிசம்பர் பத்து வரை பார்ப்பேன். பிறகு நானே எழுதுவேன்.

தம்பி

டிசம்பர் 9

தம்பி,

மூன்று தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். காதுமெஷின் வைத்தால் பியானோ தகர டப்பாவாகக் கேட்கிறது. கழற்றிவிட்டுப் பிள்ளைகளின் வாயைப் பார்த்து நடத்துகிறேன். எந்தப் பிள்ளை எந்தச் சுரத்துக்கு வாயை எப்படித் திறக்கும் என்பது எனக்கு அத்துப்படி. தவறினால் கழுத்து நரம்பே காட்டிக்கொடுத்துவிடும்.

உன் சிடியை ஸ்பீக்கர்மேல் கை வைத்துக் கேட்டேன். தடித்த கம்பிகள் உள்ளங்கை வழியாக ஏறி வந்தன. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு பாட்டு எனக்கு முழுசாகக் கிடைத்தது. அதனால்தான் சரி என்றேன். தம்பி என்பதற்காக இல்லை.

இந்தக் கிறிஸ்துமஸ் முடியட்டும். அன்று மதியமே போதகரிடம் என் வாயால் சொல்லி, குழுவை, அதில் எனக்கு உதவியாக இருக்கிற தையல்கார அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். இன்னும் பதினாறு நாள். உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கொடுடா.

உன் அக்கா

டிசம்பர் 11

அக்கா,

பதில் இல்லை. பேசாமல் இருந்தால் விஷயம் தானாகப் போய்விடும் என்று நினைக்கிறாய். சொன்னபடி நேற்றைய தபாலையும் பார்த்துவிட்டு, மாலையில் போதகருக்கு எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். திட்டு, பரவாயில்லை. பிரேக் தேய்ந்த லிஃப்டில், சொந்தக்காரர் கட்டடம் என்பதற்காக நான் ஆளை ஏற்றுவதில்லை.

நல்ல டாக்டர் ஒருவரை விசாரித்து வைத்திருக்கிறேன். நான் வரும்போது போகலாம்.

தம்பி

டிசம்பர் 14

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. ஒன்பதாம் தேதி போட்டிருக்கிறாய்.

உடனே போதகருக்குப் போன் செய்தேன். "கிடைச்சிருச்சு தம்பி, நீங்க எழுதினது நல்லதாப் போச்சு" என்றார். கிழித்துப் போடுங்கள் என்றேன். குழுவினர் எல்லோருக்கும் சொல்லிவிட்டாராம்.

நான் என்ன செய்ய வேண்டும்? எதுவானாலும் சொல், செய்கிறேன்.

தம்பி

டிசம்பர் 17

தம்பி,

போதகர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், கோபமே இல்லை. எதிரே உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து, சொல் சொல்லாகப் பிய்த்துக் கத்தினார்: "நீங்க... ரெஸ்ட்... எடுங்க." பதினொரு வருடத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. போன ஞாயிறுகூட வாசலில் நின்று சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். நானும் சிரித்துத் தலையாட்டினேன்.

குழு தையல்கார அம்மாவிடம் போயிற்று. உன் கிட்டார் உண்டு. சனிக்கிழமை நான்கு மணிக்கு ஒத்திகை. தவறாமல் வா, பிள்ளைகள் ஆசையாகக் காத்திருக்கிறார்கள். ஆலயத்துப் பின்னறையில் உனக்குப் படுக்கை போடச் சொல்லியிருக்கிறேன். அத்தான் சாப்பாடு கொண்டுவருவார்.

நீ எழுதியதை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மணி அடிக்காதே. கேட்காது என்பதற்காக இல்லை.

அக்கா