ராபியாவின் சாப்பாட்டுப் பையும் நடக்காமல் போன இரண்டாம் வகுப்பும்

அனுப்புநர்:
ச. பத்மஜா,
சமூக அறிவியல் ஆசிரியை (ஒப்பந்தப் பணி),
பொருநை தமிழ் உயர்நிலைப் பள்ளி,
தாராவி, மும்பை.

பெறுநர்:
கல்வி ஆய்வாளர் அவர்கள்,
தமிழ்ப் பள்ளிகள் பிரிவு,
மும்பை.

பொருள்: பயங்கரவாதம், மனித உரிமை, உலகப் பாதுகாப்பு குறித்த வகுப்புக் கலந்துரையாடலின் இரண்டாம் பகுதியை நடத்த அனுமதி கோருதல், குடியரசு தின நாடகத்தை நிறுத்தக் கோருதல், பத்தாம் வகுப்பு மாணவி ராபியா பள்ளிக்குத் திரும்ப உதவி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலகச் சுற்றறிக்கையின்படி, பயங்கரவாதம் பற்றிப் பத்தாம் வகுப்பு மாணவர்களுடன் கலந்துரையாட இரண்டு வகுப்புகள் திட்டமிட்டேன். முதலாவது பாதுகாப்பு பற்றியது. இரண்டாவது மனித உரிமை பற்றியது: சந்தேகத்தின் பேரில் ஒருவரை அழைத்துச் சென்றால் அவரிடம் என்ன கேட்கலாம், எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம், அவர் வீட்டுக்கு யார் தகவல் சொல்ல வேண்டும் என்பவை. முதல் வகுப்பு டிசம்பரில் நடந்தது. இரண்டாவது இன்றுவரை நடக்கவில்லை.

2. முதல் வகுப்பில் மாணவர்கள் நன்றாகப் பேசினார்கள். எங்கோ ஒரு நாட்டில் குண்டு வெடித்தால் துபாய் போக இருந்த தன் அண்ணனின் விசா ஏன் நிற்கிறது என்று ஒருவன் கேட்டான். கேட்பாரற்ற பையைக் கண்டால் தொடக் கூடாது, மற்றவர்களை விலக்க வேண்டும், காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்று கற்றுத்தந்தேன். அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 2006இல் ரயில்களில் குண்டு வெடித்த மாலை, என் அப்பா பாந்த்ராவிலிருந்து தண்டவாளத்தை ஒட்டி நடந்தே மாட்டுங்காவுக்கு வந்தார். அவர் வந்து சேரும்வரை எங்கள் வீட்டில் யாரும் உட்காரவில்லை.

3. எங்கள் பள்ளியில் பெற்றோர் பலர் மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வாசல் கேட்டின் கம்பியில் மாட்டிவிட்டுப் போவது வழக்கம். பட்டறை வேலைக்கு நடுவே ஓடிவருகிறவர்களுக்கு நின்று பேச நேரமிருக்காது. முதல் வகுப்புக்கு அடுத்த வாரம் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதனால் ராபியாவின் தகப்பனார் செய்யது மசூது, பையைத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நிழலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் தோல் பட்டறையில் பை தைப்பவர். மிச்ச ரெக்சினில் தாமே தைத்த கறுப்புப் பை. கடைப் பெயர் எதுவும் அதில் இல்லை.

4. அதைப் பார்த்தவள் ராபியாவின் பெஞ்சிலேயே உட்காரும் விஜயலட்சுமி. அவள் பையைத் தொடவில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகளை விலக்கினாள். வாட்ச்மேனின் போனை வாங்கிக் காவல்துறையை அழைத்தாள். அவள்மீது எந்தக் குறையும் இல்லை. காவலர்கள் உடனே வந்ததிலும் குறை இல்லை. பள்ளி முழுவதும் தெருவில் நின்றது. மோப்ப நாய் டிரம்மைச் சுற்றி வந்தபோது நானும் பிள்ளைகளை இன்னும் பின்னுக்குத் தள்ளினேன்.

5. கட்டியிருந்த கயிற்றுக்கு இப்பால் நின்று ராபியா, "அது என் டப்பா, அது என் டப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தலைமையாசிரியர் திரு. கோமதிநாயகம் அவள் தோளைப் பிடித்து, "சும்மா இரு தாயி, ஒன் பேரு வெளிய வந்துரக் கூடாது" என்றார். பையைத் திறந்தார்கள். சோறு, பருப்பு, பொரித்த அயலை மீன். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அதற்குள் சத்தம் கேட்டு மகளைத் தேடி ஓடிவந்த செய்யது மசூது, பை தம்முடையது என்று தாமாகவே சொன்னார். காவலர்கள் பெயரைக் கேட்டார்கள். பெயரைச் சொன்ன பிறகு, ஊர் எது, சொந்த ஊரான மேலப்பாளையத்தில் யார் யார் இருக்கிறார்கள், எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறார் என்ற கேள்விகள் வந்தன. திறந்த டப்பா அங்கேயே இருந்தது. அவரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

6. மறுநாள் மதியம் அவர் வீடு திரும்பினார். அதன்பின்னும் அவரைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். பட்டறைக்காரர் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றுவிட்டார். அன்றிலிருந்து ராபியா பள்ளிக்கு வரவில்லை. பிப்ரவரியில் பொதுத் தேர்வு.

7. பையை என்ன செய்ய வேண்டும் என்று நான் மாணவர்களுக்குச் சொல்லியிருந்தேன். பைக்கு உரியவர் வந்து நின்றால் அவரை எப்படி நடத்த வேண்டும் என்பது அடுத்த வகுப்புக்கு இருந்தது. அந்த வகுப்பு தேவையில்லை என்று தலைமையாசிரியர் நிறுத்திவிட்டார். இப்போது மதிய இடைவேளையில் பையன்கள், "ஏல, ஒன் டப்பாவ நாய் மோந்து பாத்தாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுச் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பாடம் அவ்வளவில் நின்றுவிட்டது.

8. குடியரசு தின விழாவில் விஜயலட்சுமிக்குப் பரிசு தரவும், நடந்ததை நாடகமாகப் போடவும் ஏற்பாடாகியிருக்கிறது. பை வைத்தவனாக நடிக்கும் மாணவனுக்கு வெள்ளைத் தொப்பி வாங்கியிருக்கிறார்கள். மகளுக்குப் பரிசு என்று விஜயலட்சுமியின் தகப்பனார் இசக்கிதுரை தெரு முழுவதும் சொல்லிவிட்டார். அந்தப் பெண் என்னிடம் வந்து, "போலீஸ்காரவ பையத்தான பாப்பாவன்னு நெனச்சேன், டீச்சர். அவ வாப்பாவ ஏன் கொண்டு போனாவ?" என்று கேட்டாள். பரிசு வேண்டாம் என்று வீட்டில் சொல்ல அவளுக்குப் பயம்.

9. தலைமையாசிரியர் கெட்டவர் அல்லர். நான் மறுப்புச் சொன்னபோது, "நீங்க சாயங்காலம் மாட்டுங்காவுக்குப் போயிருவீய. நாங்க இங்கனதான கெடக்கணும்? ஸ்டேஷன்ல நம்ம ஸ்கூல் பேரு நல்லபடியா இருக்கட்டும்" என்றார். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. எனக்கும் பயம்தான். ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது. இம்மனுவைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆயினும் இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. தெருவில் உள்ளவர்கள் இந்த நாடகத்தைப் பார்த்துவிட்டால், சாப்பாடு கொண்டுவந்த மனிதரை அதன்பின் யாரும் நினைக்க மாட்டார்கள். தொப்பி போட்டவனைத்தான் நினைப்பார்கள். ராபியா அந்தத் தெருவில்தான் வளர வேண்டும்.

10. ஆகவே, நாடகத்தை நிறுத்தும்படியும், பரிசு பற்றி விஜயலட்சுமியின் விருப்பத்தைத் தனியே கேட்கும்படியும், அந்தப் பையில் சாப்பாட்டைத் தவிர வேறொன்றும் இல்லை என்று பள்ளியின் பெயரில் செய்யது மசூதுக்கு எழுதித் தர உத்தரவிடும்படியும் வேண்டுகிறேன். இம்மனுவில் உள்ள பெயர்களை மறைத்தே மற்ற அலுவலகங்களுக்கு அனுப்பவும்.

11. இரண்டாம் வகுப்பை விழாவுக்கு முன், வரும் வெள்ளிக்கிழமை காலை நடத்த அனுமதி தாருங்கள். அன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்ல நேற்று ராபியாவின் வீட்டுக்குப் போனேன். அவள் தாயார் பேகம் கதவைப் பாதிதான் திறந்தார். "நீங்க சொன்னா ஆச்சா, டீச்சர்? ஆபீஸ்காரவ ஒருத்தர் கேட்டுல வந்து நிக்கட்டும். பிள்ளைய நானே கொண்டாந்து விடுதேன்" என்றார். அதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. தங்களுக்கு உண்டு. வெள்ளிக்கிழமை காலை, மணி அடிப்பதற்கு முன், தாங்கள் நேரில் வந்து எங்கள் பள்ளி வாசலில் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தாராவி
நாள்: 19.01.2026

பணிவுடன்,
ச. பத்மஜா