இறக்கையில் கிழிந்த ஸ்டிக்கர்

வெள்ளவத்தை,
ஞாயிறு

இஞ்சேருங்கோ,

நீங்கள் வெளியே போன பிறகு, நீங்கள் செய்துகொண்டிருந்த அந்தப் பிளாஸ்டிக் மாதிரி விமானத்தைக் கெடுத்துவிட்டேன். ஸ்டிக்கரை இளக்கி ஒட்டவைக்க நீங்கள் சொலூஷன் பூசியிருந்தீர்கள்; அது இறக்கையில் சுருங்கிக் கிடந்தது. விரலால் நீவினேன், கிழிந்துவிட்டது. தொடாமல் விட்டால் காயும்போது தானாகப் படியும் என்று சொலூஷன் போத்தலில் எழுதியிருப்பதைப் பிறகுதான் வாசித்தேன்.

நீங்கள் ஏன் கோபித்துக்கொண்டு போனீர்கள் என்று எனக்குத் தெரியும். காலையில் வீட்டுக்கு வந்த என் அலுவலகத்து யதுர்ஷா, "ஆரின்ர விளையாட்டுச் சாமான் இது?" என்று சிரித்தபோது, "அக்காவின்ர மகன்ர" என்றேன். நீங்கள் தேநீரோடு பின்னால் நின்றீர்கள்.

இப்போது அவளுக்கு விமானத்தின் படத்தை அனுப்பி, "இது இவர் செய்யிறது. கிழிச்சது நான்" என்று எழுதினேன்.

"அப்ப அக்காவின்ர மகன்?" என்று கேட்டாள்.

எனக்கு அக்காவே இல்லை என்று எழுதிவிட்டேன்.

வெட்கத்துடன்,
உங்கள் மனைவி