எனக்கு அடிக்காத ஷாக்

மச்சான்,

போன் ரிப்பேருக்குப் பெல்மதுளைக்குப் போயிருந்தேன். உன் மகள் கடைக்குத்தான். அவள் போனைத் திறந்து ஈயம் பற்றவைத்தாள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாக நான் சொல்லித் திரிந்த ஒரு பொய்யை இன்றைக்கே அவளிடம் சரிபண்ணிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

பஞ்சத்தில் பாண் ரொட்டிக்குக் கியூவில் நின்ற காலம். றக்வான பக்கத் தேயிலைத் தோட்டங்களிலேயே எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருந்த ஒரே ஆள் நான். பலாங்கொடையில் ஒருத்தன் இருந்தான்தான், ஆனால் அவனுக்கு வாசிக்கத் தெரியாது. மாரியம்மன் திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது என் கிட்டார் ஊமையாகிப் போனது. நீ பெக்டரியில் மோட்டார் பார்ப்பவன். தந்திகளுக்கு அடியில் சத்தம் பிடிக்கிற பிக்கப்பைக் கழற்றிப் பார்த்து, "உள்ள கம்பி அறுந்திருக்கு மச்சான்" என்றாய். பழைய ரேடியோவிலிருந்து தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பியை உருவி, உன் சம்சாரத்தின் தையல் மெஷினில் பூட்டிச் சுற்றினாய். ஐயாயிரம் சுற்று என்று எண்ணினாய். ஊரில் நான் இருபதாயிரம் என்று சொல்லியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

சத்தம் வந்தது. கூடவே குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி ஓர் இரைச்சலும் வந்தது. தந்தியில் கை வைத்தால் அடங்கும், எடுத்தால் இரையும். "எர்த் இல்ல, அதான்" என்றாய். எர்த் எனக்குத் தெரியாதா? பெக்டரிக்குப் பின்னால் எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு நீ தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தவனாச்சே! மறுநாள் பால்மா டின்னில் மண்ணும் கரியும் உப்பும் கெட்டித்து, கிட்டாரிலிருந்து ஒரு வயரை அதில் புதைத்து, டின்னை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய்.

"டேய், கிட்டார நாத்துமேடையிலயா நடப் போற? தந்திய கிட்டார் வயர் பிளக்கோட வெளிப்பக்கத்துக்குச் சேத்தாப் போதும்டா."

தந்தி உட்காரும் தகட்டுக்கு அடியில் ஒரு வயரைப் பற்றவைத்தாய். இரைச்சல் நின்றது.

திருவிழாவன்று பெக்டரியிலிருந்து கரண்ட் இழுத்தவர்கள் அம்ப்ளிஃபயருக்கு வயரை மாற்றிப் பூட்டியிருந்தார்கள். நீ வைத்த எர்த் வழியாகவே கரண்ட் தந்திக்கு வந்து காத்திருந்தது. மழை பெய்த ஈரத் தரை, நான் வெறுங்காலோடு நிற்கிறேன். "இரு, நான் தொட்டுப் பாக்குறேன்" என்று புறங்கையை வைத்தாய். தூக்கி எறிந்தது. உன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே நான் அழுதேன். நீ கண்ணைத் திறந்து, "வயர மாத்துங்கடா, அவன் வாசிக்கணும்" என்றாய்.

வாசித்தேன். அடுத்த வாரமே தேத்தண்ணிக் கடையில், ஷாக் அடித்தது எனக்கு என்றும், அதோடேயே மூன்று பாட்டு வாசித்தேன் என்றும் அளந்துவிட்டேன். நீயும் அங்கேதான் இருந்தாய். பிளேன்டீயை ஊதிக்கொண்டே, "ஆமா, இவனுக்குத்தான்" என்றாய்.

இன்றைக்கு உன் மகளிடம் சொன்னேன்: "அம்மாடி, அன்னிக்கி அடிச்சது எனக்கில்ல, ஒங்க அப்பாவுக்கு."

அவள் நிமிரக்கூட இல்லை. "போங்க மாமா. ஒங்களுக்குத்தான் அடிச்சிச்சுன்னு அப்பாவே சொல்லியிருக்காரு. சாகுறதுக்கு முந்தின வாரங்கூடச் சொன்னாரு. நீங்க புளுகுவீங்க, அப்பா புளுக மாட்டாரு."

ஆயுசில் ஒரு தடவை உண்மை பேசப் போனேன், அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டாய். நீ சொன்ன ஒரே பொய் என்னிடம் இருக்கிறது, மச்சான். அதை இன்னும் எப்படிப் பெரிசாக்கிச் சொல்வதென்று எனக்கே தெரியவில்லை.