மன்னிப்பை அளக்கும் வாக்கியங்கள்

செப்டம்பர் 4
உளவியல் துறையின் தட்டச்சராகிய என்னிடம் பேராசிரியை இன்று ஓர் ஆங்கில வினாத்தாளைத் தந்தார். வளரிளம் பருவத்தினர் தம்மைப் புண்படுத்தியவரை எந்த அளவுக்கு மன்னித்திருக்கிறார்கள் என்று அளக்கும் பதினெட்டு வாக்கியங்கள். தமிழாக்கம் என் பொறுப்பு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, எஞ்சியதை நூலகத்தில் நானே கற்றுத் தேறியவள். தகுதி அறிந்தே தந்திருக்கிறார்.

செப்டம்பர் 9
முடித்தேன். ஏழாவது: 'எனக்குத் தீங்கிழைத்தவர்பால் என் அகத்தே கனன்றுகொண்டிருந்த சினம் தணியப்பெற்றேன்.' கணவரிடம் வாசித்துக் காட்டினேன்.
"ரொம்ப நல்லாருக்கு. கல்வெட்டுல போடவா?" என்றார். ரசனையற்றவர்.

செப்டம்பர் 13
முன்னோட்டமாக ஒரு வகுப்புக்கு வினாத்தாள் தரப்பட்டது. என் மகளின் வகுப்பு. தாள்களை வழங்க நானும் உடன் சென்றிருந்தேன். ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. "என்ன சந்தேகம்?" என்று பேராசிரியை கேட்க, என் மகள் எழுந்தாள்.
"மேடம், இது எங்கம்மா எழுதினது. வீட்லயும் இப்படித்தான் பேசுவாங்க. எங்களுக்கே புரியாது."
வகுப்பே சிரித்தது. பேராசிரியையும்!
பெத்த பொண்ணு! அத்தனை பேர் முன்னாடி! வேற யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

செப்டம்பர் 14
மகளிடம் பேசவில்லை.

செப்டம்பர் 17
பேச்சில்லை, எனினும் கடமையில் குறை வைக்கவில்லை. "உங்கள் மகளின் சீருடை தேய்த்து வைக்கப்பட்டுள்ளது" என்று கணவரிடம் அறிவித்தேன்.
"அவ இங்கதானே உக்காந்திருக்கா?"
"எங்கே? என் கண்ணுக்குத் தெரியவில்லையே."
அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 20
புதிய வாக்கியங்கள் தட்டச்சுக்கு வந்தன. எல்லாம் பிள்ளைகளே சொன்னவையாம். "உங்க பொண்ணு சொன்னதுதான் பிரமாதம்" என்றார் பேராசிரியை.
'அவங்க கூப்பிட்டா காது கேக்காத மாதிரி இருப்பேன்.'
'அவங்ககிட்ட சொல்ல வேண்டியத வேற ஆள்கிட்ட சொல்லுவேன்.'
'அவங்க போட்ட டீயக் குடிக்காம ஆற விடுவேன்.'
"எப்படித்தான் இவ்ளோ கரெக்டா தோணுச்சோ!"
எப்படித் தோன்றியிருக்கும்? ஒரு வாரமாக என்னை உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறாள், கள்ளி. கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்து தொலைத்தது. மூன்று இடத்தில் தட்டச்சுப் பிழை.

செப்டம்பர் 22
சினம் தணியப்பெற்றேன் — போலும். ஆனால் இத்தனை முறைப்புக்குப் பிறகு எந்த முகத்தோடு போய் நிற்பது? அவளாக வந்து பேசினால் என்னவாம்? இந்தப் பிடிவாதம் அவளுக்கு எங்கிருந்து வந்தது? கணவர் குடும்பத்திலும் யாருக்கும் இல்லையே.

செப்டம்பர் 24
பதினெட்டாவது மட்டும் இன்னும் அமையவில்லை என்றார் பேராசிரியை. "நான் எழுதட்டுமா?" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இருந்தும் எழுதினேன். மாலையில், கட்டிலில் அமர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மகளின் முன்னே அந்தத் தாளை வைத்தேன்.
'கோவம் போயிடுச்சு. ஆனா முதல்ல யாரு பேசறதுன்னு தெரியல.'
இரண்டு முறை படித்தாள்.
"யாரு எழுதினது?"
"நான்தான்டி."
"புரியுதும்மா" என்று புத்தகங்களை ஒதுக்கி, எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.